பச்சைக் கோடு

மதிய வெயில் கட்டுப்பாட்டு அறையின் விசைப்பலகை மேல் ஏறி நிற்கிறது. ஓய்வு கொடுத்த செயற்கைக்கோளை யாருக்கும் இடைஞ்சலில்லாத உயரத்துக்கு ஏற்றியாயிற்று. மிச்ச எரிபொருளையும் வெளியேற்றியாயிற்று. அதன் டிரான்ஸ்மிட்டரை அணைப்பது மட்டும்தான் பாக்கி. பொறியாளரின் கால் மேசைக்கடியில் ஆடிக்கொண்டே இருக்கிறது. “இன்னும் என்னம்மா கொஞ்சல்? அமுக்கு,” என்கிறார் எதிர் மேசையிலிருந்து தலைவர். கண்ணை மூடிக்கொண்டு அமுக்குகிறாள். இத்தனை வருஷமாகத் திரையில் நடுங்கிக்கொண்டிருந்த பச்சைக் கோடு படுத்துவிடுகிறது. சிக்னல் போனால் முதலில் தலைவருக்குப் போன், பிறகுதான் யோசனை; இந்த அறையின் பழக்கம் அது. அவள் கை தானாகவே சிவப்பு ரிசீவரைப் பறிக்கிறது. எதிர் மேசையில் மணி அலறுகிறது. அவரும் பதறி எடுக்கிறார். “சார், சிக்னல் போயிடுச்சு!” “தெரியும்மா... நாமதானே அணைச்சோம்.” காதில் ரிசீவரோடு ஒருவரையொருவர் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். அவள் கால் இன்னும் ஆடுகிறது. யாரும் போனை வைப்பதாக இல்லை.