அரிசிச் சாக்கில் ஒரு துளை

சுவரோரம் நிற்கும் இருபது கிலோ அரிசிச் சாக்கின் துளை வழியே அரிசி இன்னும் சிந்திக்கொண்டிருக்கிறது. ஞாயிற்று வெயில் விழும் சாப்பாட்டு மேசையில் எண்ணெய்ப் போத்தல், துணித்துண்டு, கழற்றி வைத்த தோட்டா மகசின், நடுவே யோகநாதனின் கைத்துப்பாக்கி. சுடும் கிளப்பில் சேர்ந்து முறைப்படி வாங்கியது. மகசினைக் கழற்றியாயிற்று என்ற தைரியத்தில், துடைக்குமுன் விசையை அழுத்திவிட்டார்; குண்டு சாக்கில் பாய்ந்தது. கீழ்வீட்டுக்காரி வெடிச்சத்தம் கேட்டு, கூட்டுகிற தும்புத்தடியால் தன் வீட்டு முகட்டை இடிப்பது காலடியில் கேட்கிறது. அடுப்படியிலிருந்து வந்த மனைவி புனிதவதி ஈரக்கையைச் சட்டையில் துடைத்துவிட்டுத் துப்பாக்கியை எடுக்கிறாள். விசையில் விரல் படாமல், குழலைச் சாக்குப் பக்கமே பிடித்தபடி மேற்பாகத்தைப் பின்னுக்கு இழுத்து உள்ளே பார்க்கிறாள். பார்த்தது போதாதென்று சுண்டுவிரலையும் விட்டுத் தடவுகிறாள். “மகசினைக் கழட்டினாப் போதுமே? உள்ளுக்கை ஒண்டு ஏறி நிக்கும் எண்டு தெரியாதே உங்களுக்கு?” மெதுவாகத்தான் கேட்கிறாள். பாரிஸின் லா சப்பல் தேத்தண்ணிக் கடைகளில், தான் ஊரில் இயக்கத்தில் நின்று சண்டை பிடித்த கதையைப் பத்து வருடமாகச் சொல்லிவரும் யோகநாதனுக்குக் காதுமடல்வரை சுடுகிறது. அவள் ஒருநாளும் ஒரு கதையும் சொன்னதில்லை. “நீர் இதை எங்கை பழகினீர்?” என்று கேட்க வாயெடுக்கிறார். அதே கேள்வி தன்னிடம் திரும்பி வருமென்று உறைத்ததும், குனிந்து அரிசியைப் பொறுக்கத் தொடங்குகிறார்.