ஊல்கானின் பின்னல்

நரின் நகரக் கல்லூரியில் கணித வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே கதவை உதைத்துத் திறந்துகொண்டு சாகின்பெக் வருகிறான். அவன் பூட்ஸிலிருந்து பனி சிதறுகிறது. தங்கை ஊல்கானின் பின்னலைக் கையில் சுற்றிப் பெஞ்சிலிருந்து இழுக்கிறான். "படிச்சுக் கிழிச்சது போதும். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து உட்கார்ந்திருக்காங்க, எந்திரிடி!" பெஞ்சு சாய்ந்து விழுகிறது. ஆசிரியை காலிபா குறுக்கே பாய்கிறார். "கையை எடு தம்பி, இது உன் வீடு இல்ல." அவன் முழங்கை அவர் வாயில் இறங்குகிறது. உதட்டு ரத்தம் வெள்ளைக் காலரில் சொட்டுகிறது. எப்போதும் தூங்கி வழியும் கடைசிப் பெஞ்சுக்காரர்களான நாங்கள் எழுந்து ஓடுகிறோம். ஊல்கான் அண்ணனின் மணிக்கட்டைக் கடிக்கிறாள். அவன் அலறிப் பிடியை விட்டதும், எல்லோருமாக அவனை வெளியே தள்ளிக் கதவை முதுகால் அழுத்துகிறோம். கதவின் கண்ணாடியை உடைத்துக்கொண்டு அவன் முஷ்டி உள்ளே வருகிறது. "வீட்டுக்கு வந்துதானே ஆகணும்? கொன்னுடுவேன்!" கதவு எங்கள் முதுகில் இடிக்கிறது. காலிபா வாயைத் துடைத்துக்கொண்டு கேட்கிறார்: "நீயே சொல்லும்மா. போறியா, இருக்கியா?" "இருக்கேன், டீச்சர்" என்கிறாள் ஊல்கான். இரண்டு வருடமாக ஒன்றாகப் படிக்கிறோம். வகுப்பில் அவள் குரலை நாங்கள் கேட்பது இதுதான் முதல் முறை.