பத்தொன்பதாவது இலத்திரன்

"சேர், அந்தப் பத்தொன்பதாவது இலத்திரன் எங்க போகுதுன்னீங்க?"

அழகையாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து இது மூன்றாவது தடவை. கேட்டவர் பள்ளிக்கூடப் பிள்ளையா என்ன? இருபது வருடமாக விஞ்ஞானம் படிப்பிக்கிற, நாவுல ஊர் சாலிஹ் மாஸ்டர்.

மாத்தளையில் அன்று இரசாயன ஆசிரியர்களுக்கு ஒருநாள் வகுப்பு. புதிய பாடத்திட்டத்தில் அணுவின் சக்தி மட்டங்களும், அவற்றில் இலத்திரன்கள் தங்கும் ஓபிற்றல்களும் வந்துவிட்டன. அதை விளக்க வந்தவர் அழகையா. மாலையில் அவர் பட்டியலில் 'தகுதி' என்று எழுதினால்தான் ஒருவருக்கு ஜனவரியில் உயர்தர வகுப்பு படிப்பிக்கக் கிடைக்கும்.

"போர்டைப் பாருங்க மாஸ்டர். பொற்றாசியம். முதல் பதினெட்டு இலத்திரனும் உக்காந்தாச்சு. மூணாம் மட்டத்துல டி ஓபிற்றல் இன்னும் காலியாக் கிடக்கு. அடுத்தது அங்கதானே போகணும்? மூணு டி!"

"நாலாம் மட்டத்து எஸ் கொஞ்சம் தாழ்வா இருக்குமோன்னு ஒரு யோசனை, சேர்."

"நாலு எப்படிங்க மூணுக்குக் கீழ வரும்? உங்க நாவுலயில மாடியைக் கீழயா கட்டுறாங்க?"

வகுப்பே சிரித்தது. சாலிஹும் சிரித்தார்.

தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் மறுபடி கை உயர்ந்தது.

"சேர், கோபிக்க வேணாம். அந்தப் பத்தொன்பதாவது..."

இந்தத் தடவை ஏனோ ஒருவரும் சிரிக்கவில்லை.

"இன்னும் வெளங்கலியா?"

"கையில உள்ள புத்தகத்துல சேர் ஒருக்கா பார்த்துச் சொன்னா நல்லம்."

"புத்தகத்தைப் பார்த்துப் படிப்பிக்கிற ஆள் நான் இல்ல, மாஸ்டர்!"

மூன்றரைக்கு ஐந்தாவது தடவையும் கேட்டபோது அழகையா சோக்கட்டியை மேசையில் போட்டார். பட்டியலை இழுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்துக்கொண்டே எழுதினார்.

"சாலிஹ். நாவுல. தகுதியில்லை."

சாலிஹ் எழுந்து தொப்பியைச் சரிசெய்தார்.

"சரிங்க சேர். நாலு மணி பஸ்ஸுக்கு நேரமாகுது. வாறேன்."

மரமண்டைக்கு ரோசமாவது இருக்கக்கூடாதா என்று அழகையாவுக்கு இன்னும் எரிச்சல்.

மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கடைசியாக, அலுவிகாரை பரிமளம் டீச்சர் தன் குறிப்புப் புத்தகத்தில் கையெழுத்து வாங்க வந்தார். அழகையா பேனாவைத் திறந்தவர் அப்படியே நின்றார். மூணு டி என்று எழுதியதை அடித்து, நாலு எஸ் என்று மாற்றியிருந்தது.

"நீங்களுமா டீச்சர்? அந்த மனுஷனோட சேர்ந்து பிழையா எழுதி வச்சிருக்கீங்களே!"

பரிமளம், மேசையில் கிடந்த அழகையாவின் பாடப்புத்தகத்தைப் பார்த்தார். அழகையா வேண்டாவெறுப்பாக அதைப் புரட்டினார்.

பொற்றாசியம். பத்தொன்பதாவது இலத்திரன் நாலு எஸ்ஸில். மூணு டியைவிட அதற்குத்தான் சக்தி குறைவு. அதனால் அதுதான் முதலில் நிரம்பும் என்று தெளிவாக அச்சாகியிருந்தது.

"எல்லாரும் மாத்திட்டீங்களா?"

"எல்லாரும், சேர். தேத்தண்ணி நேரத்துல சாலிஹ் மாஸ்டர் ஒவ்வொருத்தர் புத்தகமாப் பாத்துத் திருத்திக் குடுத்தாரு. யாரும் சேர்கிட்ட காட்டிக்கக்கூடாதுன்னும் சொன்னாரு."

அழகையா பட்டியலில் 'இல்லை' என்பதை அடித்தார். இரண்டு தரம் அடித்தார்.

"தெரிஞ்ச மனுஷன், நான் எழுதுறப்பவாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே? உயர்தர வகுப்பே போகப் பாத்துச்சே!"

"நாங்களும் அப்பவே அதைத்தான் கேட்டோம், சேர். 'நான் மக்குன்னா நாவுலயில மட்டுந்தான் சிரிப்பாங்க. அவர் பிழைன்னா நாளைக்கு எந்த ஊர்ல போய் அவர் படிப்பிக்கிறது?'ன்னாரு."