புட்டுக்குழல்

ஆவணி மேகம் கோபுரத்தின் தோளில் சாய்ந்து, பொழியவும் கலையவும் மனமின்றிக் கனத்திருந்தது. சப்பரம் வாசலுக்கு வரும் வேளை. தம்பி மனைவி வடிவு புட்டுக்குழலில் மாவைத் தூவி நிரப்புவதைக் கண்ட பிரமாச்சிக்கு இளக்காரம் பொங்கியது.

“ஏட்டி, கோழிக்கா தீவனம் போடுத? சாமிக்குப் புட்டு தூணா நிக்கணும்லா!”

“ஆவி ஏற வழி வேணும், மதினி.”

“ஒங்க அம்மை வீட்டுப் புத்தி!” குழலைப் பிடுங்கிய பிரமாச்சி, மாவை அழுத்தி இறுக்கி அடுப்பிலேற்றினாள்.

மேளம் நெருங்கியபோது புட்டைத் தள்ளினாள். அடிப்பக்கம் களி, மேற்பக்கம் பச்சைமாவு. நடுவே விரலளவுதான் வெந்திருந்தது. வடிவு அதை மட்டும் இலையில் எடுத்தாள்.

“இத்துனூண்டா? பிச்சைக்காரனுக்கா படைக்கே?”

திருவோடு ஏந்திப் பிச்சையேற்கும் பிச்சாடனராகச் சிவன் சப்பரத்தில் வந்து நின்றார். வடிவு இலையை உயர்த்திக் கண்மூடினாள்.

“மதினி நல்லாயிருக்கணும், அப்பனே.”