வெள்ளிக்கிழமை நாலு மணி

கமருன்னிஸா பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய கம்ப்யூட்டரின் திரை இருண்டே கிடந்தது. நாலு மணிக்குள் அது ஓடியாக வேண்டும்.

"ரேம் அட்டையைக் கழட்டி மறுபடி சொருகி, டக்குன்னு சத்தம் வர்ற வரைக்கும் அழுத்துங்கக்கா" என்றார் போனில் சீர்காழிக் கடைக்காரர்.

"அம்பது வயசுல துப்பாக்கி விளையாட்டு கேக்குதா?" கணவர் காதர் மைதீன் சிரித்தார்.

அவள் அட்டையைச் சொருகி அழுத்தினாள். திரை ஒளிர்ந்தது. சரியாக நாலு மணிக்கு ஆன்லைன் ஆட்டத்துக்குள் நுழைந்தாள். சிறிது நேரத்தில் யாரோ ஒருவன் அவளைச் சுட்டு வீழ்த்தினான்.

"செத்துட்டியே!"

"சுட்டவன் பேரைப் படிங்க."

'ஆறுமா ஜெக்கரியா.'

ஆறு மா வயலைக் காதர் மைதீன் விற்ற கோபத்தில் துபாய்க்குப் போய், எட்டு மாதமாகப் போனே எடுக்காத மகன்.

"வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு இந்த ஆட்டத்துக்கு வருவான்னு அவன் கூட்டாளி சொன்னது நெசந்தான். உயிரோடதாங்க இருக்கான்" என்று அழுதாள்.

அவர் ஒரு நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்: "மறுபடி அவன் எதிர்ல போய் நில்லு."