கழற்றி வைத்த பிரேக்

ராஜமாணிக்கம் முன் பிரேக்கைத் தொடவே மாட்டார். பிடித்தால் வண்டி குப்புறத் தள்ளிவிடும் என்று பயம். சிப்காட்டுக்கு ஷிப்டு போகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான்; சொன்னால் கேட்பதில்லை. ஆனால் அவர் என் மெக்கானிக் கடைக்கு வருவதெல்லாம் முன் டிஸ்க் பேடு தேய்ந்துதான்.

“பிஸ்டன் ஜாமாயிருக்கும்ணா,” என்று பேடுகளைப் பிடித்திருக்கும் கேலிப்பரைக் கழற்றினேன். பிஸ்டன் லேசாக உள்ளே போனது. புது பேடு போட்டுச் சுற்றினேன். சக்கரம் உரசாமல் ஓடியது.

“ஊட்டுக்கு வர்சொல்ல ஒண்ணியும் இல்ல, சாம்சா. கம்பெனிக்குப் போசொல்லதான் அதுவா புடிக்குது. இன்னிக்கும் லேட்டானா வேலையே போயிடும். கயட்டிப் போட்டுடு,” என்றார் என்னிடம்.

“முன் பிரேக் இல்லாம ஹைவேல போவியாண்ணா?”

“நான் எப்போ அத புடிச்சேன்?”

லீவர், ஆயில் டியூப், கேலிப்பர் எல்லாவற்றையும் கழற்றி மேஜையில் வைத்தேன். அவர் வேகமாகக் கிளம்பி, கம்பெனி ரோட்டில் திரும்பினார்.

மேஜையில் ஏதோ உரசியது. டியூப் இல்லாத கேலிப்பரில் பேடு இரண்டும் மெல்ல நெருங்கின. நடுவில் டிஸ்க் இல்லை. ஒன்றையொன்று கவ்வி இறுகின. ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பினேன், விடவில்லை. தொட்ட விரலைச் சுட்டது.

தூரத்தில் ஷிப்டு தொடங்கும் கம்பெனி சங்கு ஊதியது. பேடு இரண்டும் தாமாகவே விட்டுவிட்டன.