ஏற்கெனவே இருக்கும் பெயர்

ஸ்ரீரங்கத்துத் திருவிழா நாட்களைச் சொல்லும் கணினி நிரல் ஒன்றை ரஞ்சனி எழுதியிருந்தாள். யாரும் எடுத்துப் பயன்படுத்தும் பொதுத்தளத்தில் அதைக் ‘காலண்டர்’ என்ற பெயரில் ஏற்றினாள். தளம் மறுத்துவிட்டது.

அலுவலக நண்பன் அருள்ராஜ் போனில் சிரித்தான். “பைத்தான் மொழியோட கூடவே அந்தப் பேர்ல ஒண்ணு வருதுங்க. யார் கூப்பிட்டாலும் அதுதான் வந்து நிக்கும். உங்களோடத மாத்திடுங்க.”

“நான்தான் மாத்தணுமா?”

“பின்னால வந்தது நீங்கதானே.”

மாற்றினாள். அவளுக்கு அது பழகியதுதான்.

கணவன் ரெங்கராஜ் காபியோடு வந்து எதிரில் உட்கார்ந்தான். “அம்மா காரியமும் முடிஞ்சிருச்சு. இனிமே உன் சொந்தப் பேரையே வச்சுக்கலாம்.”

“இப்ப எதுக்கு?”

“அம்மா பேரச் சொல்லி உன்னத் திட்ட முடியாதுன்னுதான கல்யாணத்தன்னிக்கு ரஞ்சனின்னு மாத்தினோம். இனிமே தாராளமாத் திட்டலாம்ல.”

அவள் சிரிக்கவில்லை. “சரி, கூப்பிடுங்க.”

“காவேரி” என்றான்.

அவள் திரும்பிச் சுவரில் மாலை போட்டிருந்த மாமியாரின் படத்தைப் பார்த்தாள். அவனும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தான்.